பச்சை உடம்பில் காப்பர்-டி: ஆறாம் வாரம் நூலைப் பார்ப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரசவம் முடிந்த கையோடு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டியைப் போடுவதைப் பற்றி இரண்டு பேச்சுகள் தொடர்ந்து காதில் விழுகின்றன. "பச்சை உடம்புக்காரிக்கு அதைப் போய் வைக்கலாமா, கர்ப்பப்பையைக் குத்திக்கொண்டு வயிற்றுக்குள் ஏறிவிடாதா?" என்ற பயம் ஒன்று. "என்னை ஒரு வார்த்தை கேட்காமல் போட்டுவிட்டார்கள்" என்ற கோபம் மற்றொன்று. பயத்துக்கு மருத்துவத்தில் பதில் இருக்கிறது. கோபமோ நியாயமானது, அதற்கு நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால், நல்ல சாதனத்தின் மேல் வீண்பழி விழுகிறது. உண்மையான குறைகள் கண்ணில் படாமல் தப்பிவிடுகின்றன. பிரசவ வார்டில் வேலை செய்பவர்கள் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுவது பெரும்பாலும் காப்பர்-டி 380ஏ. ஆங்கில டி எழுத்தின் வடிவில், கட்டைவிரலைவிடச் சிறிய பிளாஸ்டிக் துண்டு. அதன் மேல் சுற்றியுள்ள செம்பின் பரப்பு 380 சதுர மில்லிமீட்டர். அடியில் இரண்டு மெல்லிய நூல்கள். பத்து ஆண்டுகள் வேலை செய்யும். காப்பர் 375 என்ற இன்னொரு வகைக்கு ஐந்து ஆண்டுகள். செம்பு முக்கியமாக விந்தணுக்களின் ஓட்டத்தைக் கெடுத்துக் கருத்தரிப்பைத் தடுக்கிறது. ஹார்மோன் எதுவும் இல்லாததால் தாய்ப்பாலின் அளவோ குணமோ மாறாது.

பிரசவத்தை ஒட்டி அதைப் போட மூன்று சமயங்கள் உண்டு. நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிடங்களுக்குள் போடலாம். சிசேரியன் என்றால் நஞ்சை எடுத்த பிறகு, கர்ப்பப்பையைத் தைப்பதற்கு முன் வைக்கலாம். இரண்டும் தவறினால் 48 மணி நேரத்துக்குள், வார்டில் இருக்கும்போதே போடலாம். அதற்குப் பிறகு ஆறு வாரம் முடியும்வரை கை வைக்கக் கூடாது. இந்த இடைவெளியின் காரணம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

குழந்தை பிறந்த உடனே கர்ப்பப்பை இறுகிச் சுருங்கும். அப்போது அதன் சுவர் நான்கைந்து சென்டிமீட்டர் தடிமனாக இருக்கும். காப்பர்-டியை உள்ளே வைக்கும் மழுங்கிய முனையுள்ள இடுக்கி அதைத் துளைத்துக்கொண்டு போவது மிக அரிது. நாள் ஆக ஆகக் கர்ப்பப்பை வேகமாக வற்றுகிறது. சுவர் மெலிந்து, மிருதுவாகிறது. பால் கொடுக்கும் பெண்களுக்கு இன்னும் மிருதுவாக இருக்கும். துளை விழும் வாய்ப்பு அந்த வாரங்களில்தான் கூடுகிறது. ஐரோப்பாவில் 61,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், காப்பர் வகையில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒருவருக்கே துளை ஏற்பட்டது. ஆனால் பால் கொடுக்கும் காலத்தில் போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. அமெரிக்காவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்விலும், பிரசவத்துக்குப் பின் நான்காம் நாள் முதல் ஆறு வாரம் வரை போட்டவர்களிடம்தான் துளை அதிகம். முதல் மூன்று நாட்களில் போட்டவர்களிடம் அதைவிடக் குறைவு. ஆக, "பச்சை உடம்பு" என்று ஊர் அஞ்சும் முதல் இரண்டு நாட்கள், பின்னால் வரும் வாரங்களைவிடப் பத்திரமானவை.

கிருமித் தொற்றும் அப்படியே. சரியான பெண்ணைத் தேர்ந்தெடுத்துச் சுத்தமாகப் போட்டால், பிரசவத்தின்போது போடுவதால் தொற்று கூடுவதில்லை.

உண்மையில் கூடுவது ஒன்றுதான்: காப்பர்-டி தானாக வெளியே வந்துவிடுவது. பிரசவத்துக்குச் சம்பந்தமில்லாத காலத்தில் போட்டால் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு நடப்பது, பிரசவத்தோடு போட்டால் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுக்குப் போகும். சுகப்பிரசவத்தில் கூடுதல், சிசேரியனில் குறைவு. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், அதிலும் முதல் சில வாரங்களில் நடக்கும். பிள்ளை பெற்ற பின் படும் உதிரத்தோடும் கட்டிகளோடும் சேர்ந்து அது நழுவிப் போனால், அந்தப் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது. கருத்தடை இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருப்பார். ஒரு வருடத்துக்குள் மறுபடி கர்ப்பம் நிற்கும். "காப்பர்-டி பலிக்கவில்லை" என்று ஊரில் பேசப்படும் கதைகளில் கணிசமானவை இப்படி நழுவியதைக் கவனிக்காமல் விட்டவையே. உள்ளே ஒழுங்காக இருக்கும் 380ஏ, முதல் ஆண்டில் நூறு பேரில் ஒருவருக்குக்கூடத் தவறுவதில்லை.

நழுவலைக் குறைப்பது போடுபவரின் கையில் இருக்கிறது. இங்கே கொஞ்சம் நுணுக்கமாகப் பேச வேண்டும்; பயிற்சி வகுப்பில் கேட்டது வார்டின் அவசரத்தில் தேய்ந்துபோகும் இடம் இதுதான்.

காப்பர்-டி பாக்கெட்டோடு வரும் மெல்லிய குழாய், வற்றிய சாதாரணக் கர்ப்பப்பைக்காகச் செய்தது. பிரசவம் முடிந்த கர்ப்பப்பையின் உச்சி தொப்புள் மட்டத்தில் நிற்கிறது. அந்தக் குழாய் அவ்வளவு தூரம் எட்டாது, எட்டினாலும் வளைந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு, ஏறத்தாழ ஓர் அடி நீளமுள்ள வளைந்த கெல்லி இடுக்கியால் காப்பர்-டியைப் பிடிக்க வேண்டும். கெல்லி இடுக்கி இல்லையென்று கையில் கிடைத்த குட்டை இடுக்கியால் போடும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். பொருள் பாதி வழியில் நின்றுவிடும்.

நஞ்சு முழுதாக விழுந்ததா, கர்ப்பப்பை இறுகியதா, உதிரம் கட்டுக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பை சுருங்குவதற்காக வழக்கமாகப் போடும் பத்து யூனிட் ஆக்ஸிடோசின் ஊசியை இதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பிரசவம் பார்த்த கையுறையைக் கழற்றிவிட்டுப் புதிய கையுறை போட வேண்டும். பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் சிம்ஸ் ஸ்பெகுலம் கருவியை வைத்து, கர்ப்பப்பை வாயையும் பிறப்புறுப்பின் சுவரையும் பெட்டாடைன் பஞ்சால் இரண்டு முறை துடைத்துவிட்டு, வாயின் முன் உதட்டை வளைய இடுக்கியால் மெதுவாகப் பிடிக்க வேண்டும். காப்பர்-டியும் அதைப் பிடித்த இடுக்கியும் உள்ளே போகும் வழியில் பிறப்புறுப்பின் சுவரில் எங்கும் படக் கூடாது.

கர்ப்பப்பையின் வாய்க்குள் இடுக்கி நுழைந்த பிறகுதான் தவறுகள் தொடங்குகின்றன. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி அப்போது துவண்ட துணி மாதிரி இருக்கும். மேல்பகுதி முன்பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு மடிப்பு விழுகிறது. அங்கே இடுக்கி முட்டியதும், உச்சியைத் தொட்டுவிட்டதாக நினைத்துப் பொருளை விட்டுவிடுகிறார்கள். அது கீழ்ப்பகுதியிலேயே கிடக்கும். கர்ப்பப்பை சுருங்கும்போது பிதுங்கி வெளியே வரும். இதைத் தவிர்க்க, வாயைப் பிடித்த கையை விட்டுவிட்டு, அந்தக் கையை அடிவயிற்றின் மேல் வைத்துக் கர்ப்பப்பையை மேல் நோக்கித் தள்ளிப் பிடிக்க வேண்டும். மடிப்பு நிமிரும். இடுக்கியைத் தொப்புளை நோக்கித் திருப்பிச் செலுத்த வேண்டும். வயிற்றின் மேல் வைத்த கைக்கு இடுக்கியின் முனை தட்டுப்பட்டால்தான் உச்சி. அதுவரை விடக் கூடாது.

எடுக்கும்போதும் ஒரு தவறு நடக்கும். இடுக்கியைத் திறந்து பொருளை விட்ட பிறகு, மறுபடி மூடி நேராக இழுத்தால் நூல் சிக்கி, காப்பர்-டியும் கூடவே இறங்கிவிடும். சற்றே திறந்த நிலையில் இடுக்கியைப் பக்கச் சுவருக்கு ஒதுக்கி, அந்தச் சுவரோடு உரசிக்கொண்டே மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். இடுக்கி முழுதும் வெளிவரும்வரை வயிற்றின் மேலுள்ள கை கர்ப்பப்பையை விடக் கூடாது. கடைசியாகக் கர்ப்பப்பை வாயைப் பார்க்க வேண்டும். அப்போது நூல் தெரியாமல் இருப்பதே நல்ல அறிகுறி. வாய்க்கு வெளியே நூல் நீளமாகத் தொங்கினால் பொருள் தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். அதை எடுத்துவிட்டு, புதிய பாக்கெட்டைப் பிரித்து மறுபடி போட வேண்டும். நூலை அன்று வெட்டவே கூடாது.

மறுநாள் வார்டில் போடுவதென்றால், முதலில் அந்தப் பெண்ணைச் சிறுநீர் கழிக்கச் சொல்ல வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கர்ப்பப்பை இடம் மாறி நிற்கும். உச்சியை எட்டுவது கடினம்.

சிசேரியனில் வேலை எளிது. வெட்டிய இடத்தின் வழியாகக் கையாலோ வளைய இடுக்கியாலோ காப்பர்-டியை உச்சியின் நடுவில் வைத்துவிடலாம். நூலைக் கீழ்ப்பக்கம் பார்த்து விட வேண்டும். கர்ப்பப்பை வாய் வழியே வெளியே தள்ளக் கூடாது. தையல் போடும்போது ஊசியில் நூல் மாட்டிக்கொள்ளாமல் பார்ப்பது மிக முக்கியம். மாட்டினால் பின்னால் எடுக்க வரும் நாளில் நூல் அறுந்து, அந்தப் பெண் மயக்க மருந்து கொடுத்து எடுக்கும் நிலைக்குத் தள்ளப்படுவார்.

யாருக்குப் போடக் கூடாது என்பதில் விட்டுக்கொடுப்பே இருக்கக் கூடாது. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் கழித்துப் பிறந்த குழந்தையின் தாய். பிரசவ வலியின்போது காய்ச்சலும் நாற்றமுள்ள நீரும் கண்டவர். உதிரப்போக்கு இன்னும் நிற்காதவர். பிறப்புறுப்பு பெரிதாகக் கிழிந்தவர். கர்ப்பப்பையின் உள்வடிவம் பிறவியிலேயே மாறியிருப்பவர் அல்லது கட்டியால் மாறியவர். இவர்கள் முன்பே சம்மதித்திருந்தாலும் அன்று போடக் கூடாது. சம்மதம் ஏழாம் மாதத்தில் வாங்கியதாக இருக்கலாம். தகுதியைப் பிரசவ மேசையில் மறுபடி பார்க்க வேண்டும். வலி கண்டு வரும்போது பனிக்குடம் எத்தனை மணிக்கு உடைந்தது என்று கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதாத வார்டில், இந்த 18 மணி நேரக் கணக்கை யாராலும் போட முடியாது. சிறிய குறிப்புதான், ஆனால் தொற்றைத் தடுப்பது அதுதான்.

இரத்தசோகை இருந்தால் காப்பர்-டி கூடாது என்பதில்லை. ஆனால் மாதவிலக்கு திரும்பிய பின் உதிரப்போக்கும் வலியும் முதல் சில மாதங்களுக்குக் கூடலாம் என்பதை முன்பே சொல்லி, பிரசவத்துக்குப் பின் கொடுக்கும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே தீட்டு அதிகம் படும் பெண்ணுக்கு வேறு வழிகளையும் சொல்ல வேண்டும். பால் கொடுப்பவர்களும் சாப்பிடக்கூடிய, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம்: முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. ஆறு வாரத்துக்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் உண்டு. இவற்றைச் சொல்லாமல் "காப்பர்-டி போட்டுக்கறியாம்மா?" என்று மட்டும் கேட்பது தேர்வு ஆகாது.

வீட்டுக்குப் போன பின் அந்தப் பெண் எதையெல்லாம் பார்ப்பார் என்பதை அவருக்கும், கூட இருக்கும் அம்மாவுக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். கர்ப்பப்பை வற்ற வற்ற நூல் தானாக இறங்கும். சிலருக்கு மூன்றாம் நான்காம் வாரத்தில் குளிக்கும்போது நூல் வெளியே கையில் தட்டுப்படும். பயந்துபோய் இழுக்கக் கூடாது. மருத்துவமனைக்கு வந்தால் பொருள் இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, நூலை அளவாக வெட்டிவிடுவார்கள். நூலுக்கு மேல் கெட்டியான பிளாஸ்டிக் முனை தட்டுப்பட்டால் அது இறங்கி வருகிறது என்று பொருள். குளிர்காய்ச்சல், நாற்றமடிக்கும் போக்கு, விடாத அடிவயிற்று வலி, மணிக்கு ஒரு பேடு நனையும் உதிரம் ஆகியவற்றுக்கு ஆறு வாரம் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே வர வேண்டும்.

ஆறாம் வாரப் பரிசோதனைதான் முழுத் திட்டத்தின் முதுகெலும்பு. அதுதான் நம்மிடம் நோஞ்சானாக இருக்கிறது. காரணம் நம் குடும்ப வழக்கத்திலேயே இருக்கிறது. ஏழாம் மாதம் வரை கணவர் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் பார்ப்பார். வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போவார். பிரசவம் அந்த ஊர் மருத்துவமனையில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மறுபடி கணவர் வீடு. காப்பர்-டி போட்ட இடம் ஒன்று, பார்க்க வேண்டிய இடம் இன்னொன்று, எடுக்கப் போகும் இடம் மூன்றாவது. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண் மூன்று இடத்துக்கும் பொதுவாக இருக்கிறது. நூலைப் பார்த்தவர் யார் என்ற பொறுப்புதான் ஒருவரிடமும் இல்லை.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. எந்த ஊரில் இருந்தாலும் குழந்தையின் ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு நம் தாய்மார்கள் வந்துவிடுகிறார்கள். அது ஆறாம் வாரம்தான். தடுப்பூசி போடும் நாளன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு அறையில் ஸ்பெகுலமும் விளக்கும் வைத்து, காப்பர்-டி போட்ட தாய்மார்களைப் பார்த்துவிட்டால் போதும். ஆளுக்கு ஐந்து நிமிடம். குழந்தையின் அட்டையில் ஊசியை எழுதும் கையே தாயின் அட்டையில் "நூல் தெரிகிறது" அல்லது "தெரியவில்லை" என்று எழுதிவிடலாம்.

"தெரியவில்லை" என்று வந்தால் என்ன செய்வது என்பதிலும் குழப்பம் அதிகம். பிரசவத்தோடு போட்டவர்களில், அதிலும் சிசேரியனில், கணிசமானோருக்கு ஆறாம் வாரம் நூல் உள்ளேயே சுருண்டிருக்கும். தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறத்தாழ 45 சிசேரியன் என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஆகவே இந்தச் சிக்கல் இங்கே சாதாரணமாகவே வரும். "விழுந்துவிட்டது போல" என்று அனுப்புவதும் தவறு, "உள்ளேதான் இருக்கும்" என்று அனுப்புவதும் தவறு. முதலில் கர்ப்பமில்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு ஸ்கேன். உச்சியில் ஒழுங்காக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். நூல் தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நல்ல இடத்தில் இருக்கும் காப்பர்-டியைக் குடைந்து எடுப்பது வேண்டாத வேலை. கர்ப்பப்பையின் வாய்ப்பகுதிக்கு இறங்கியிருந்தால் எடுத்துவிட்டு வேறு போடலாம். கர்ப்பப்பையில் காணவில்லை என்றால் வயிறு, இடுப்பு முழுதும் ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் பேரியம் கலந்திருப்பதால் படத்தில் பளிச்சென்று தெரியும். எக்ஸ்ரேயிலும் இல்லாவிட்டால்தான் "விழுந்துவிட்டது" என்று எழுதலாம். எக்ஸ்ரேயில் இருந்து கர்ப்பப்பையில் இல்லாவிட்டால், வயிற்றில் சிறு துளையிட்டு லேப்ராஸ்கோப்பி செய்யும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அதுவரை அந்தப் பெண்ணுக்கு வேறு கருத்தடை கொடுக்க வேண்டும். இந்த ஸ்கேனை வெளியே பணம் கொடுத்து எடுத்துவரச் சொன்னால், பலர் திரும்பி வரவே மாட்டார்கள்.

இனி அந்தக் கோபத்துக்கு வருகிறோம். பிரசவ வலியில் கத்திக்கொண்டிருக்கும் பெண்ணிடம் கேட்டு வாங்கும் "சரி", சம்மதம் ஆகாது. அட்மிஷனின்போது கணவரோ தாயோ கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டும் சம்மதம் ஆகாது. கர்ப்பகாலப் பரிசோதனையில், தாய்வீட்டுக்குப் போவதற்கு முன், அவருக்குப் புரியும்படி சொல்லி, யோசிக்க நேரம் கொடுத்து, அவர் சொன்ன பதிலை அட்டையில் எழுத வேண்டும். "வேண்டாம்" என்பதும் ஒரு பதில். அதையும் எழுத வேண்டும். கர்ப்பகாலத்தில் கேட்க முடியாமல் போயிருந்தால், பிரசவம் முடிந்து வலி அடங்கிய பின் வார்டில் கேட்கலாம். 48 மணி நேரம் இருக்கிறதே, என்ன அவசரம்?

மத்திய அரசின் திட்டத்தில் ஒவ்வொரு பிரசவக் காப்பர்-டிக்கும் போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கு 300 ரூபாயும் போடுபவருக்கு 150 ரூபாயும் ஊக்கத்தொகை உண்டு. தொகை சிறிதுதான். ஆனால் அதோடு மாதாந்திர எண்ணிக்கையும் சேரும்போது, கேட்பது சுருங்கிப் போடுவது பெருகும் ஆபத்து இருக்கிறது. இந்த நாடு இதை ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 1965-இல், காப்பர்-டிக்கு முந்தைய பிளாஸ்டிக் கருத்தடைச் சாதனமான லிப்பீஸ் லூப் நாடு முழுதும் இலக்கு வைத்துப் போடப்பட்டது. உதிரப்போக்கு வந்தபோது பார்க்க ஆள் இல்லை. சில வருடங்களிலேயே மக்கள் அதைக் கைவிட்டார்கள். இன்றும் கிராமத்துப் பாட்டிகள் காப்பர்-டியை "லூப்பு" என்றே சொல்லிப் பேத்தியை எச்சரிக்கிறார்கள். 1996-இல் இலக்கு முறையே கைவிடப்பட்டது. ஆய்வுக் கூட்டங்களில் "இந்த மாதம் எத்தனை போட்டீர்கள்?" என்று கேட்பவர்கள், "மூன்று மாதம் முன் போட்டதில் எத்தனை பேரைப் பார்த்தீர்கள், எத்தனை விழுந்தது?" என்றும் கேட்க வேண்டும். ஒரு மருத்துவமனையில் விழுவது மட்டும் மற்ற இடங்களைவிட மிக அதிகமாக இருந்தால், அங்கே போடுபவர்களின் கை உச்சியை எட்டவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். பயிற்சிக்கான பொம்மைக் கர்ப்பப்பையில் பத்து முறை போட்டுப் பார்க்க வைத்தால் அது சரியாகும்.

எடுக்க வேண்டும் என்று வரும் பெண்ணை "பத்து வருஷம் இருக்கு, இப்போ என்ன அவசரம்?" என்று திருப்பி அனுப்பும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். குறை இருந்தால் கேட்டு மருந்து கொடுக்கலாம். அதன் பிறகும் வேண்டாம் என்றால் அன்றே எடுத்துவிட வேண்டும். நூல் தெரிந்தால் அரை நிமிட வேலை. எடுத்த உடனேயே அவர் மறுபடி கருத்தரிக்க முடியும். எடுத்துவிடுவார்கள் என்ற உறுதி இருந்தால்தான் போட்டுக்கொள்ளும் துணிவும் வரும்.

உங்கள் வாசகர்களில் பிரசவத்தோடு காப்பர்-டி போட்டுக்கொண்டவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் தாளை எடுத்து மூன்று விவரங்கள் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்: 380ஏவா 375ஆ என்ற வகை, போட்ட தேதி, எடுக்க வேண்டிய ஆண்டு. இல்லையென்றால் பிரசவம் நடந்த மருத்துவமனையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வாரப் பரிசோதனைக்குப் போகாமல் விட்டிருந்தால், எத்தனை மாதமானாலும் பரவாயில்லை, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் "நூலைப் பாருங்கள்" என்று கேளுங்கள். பிரசவத்தில் போடப்பட்டதா இல்லையா என்றே தெரியாதவர்களும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

இப்படிக்கு,
பிரசவ வார்டில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்,
மதுரை.